முன்சீட்டுக் கை

விமானத்தளத்தில் அவனுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் துருவி. யார் எதைச் சொன்னாலும் "ஏன்?", "யார் சொன்னது?", "நீங்க நேர்ல பார்த்தீங்களா?" என்று துருவிக்கொண்டே போவான். மாணவ விமானிகளுக்குக் கற்றுக்கொடுக்கிறவனுக்கு அது நல்ல குணம்தான். கூட உட்கார்ந்து டீ குடிக்கிறவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

பழைய பயிற்சி ஜெட்டுகள் ஓய்வுக்கு வந்துவிட்டன. ஒன்று பறந்தால் இரண்டு ஹேங்கர் கொட்டகையில் வயிற்றைத் திறந்துபோட்டுக் கிடந்தன. புதிதாக வாங்க இரண்டு கம்பெனிகள் ஆளுக்கொரு விமானத்தை அனுப்பியிருந்தன. ஒன்று சாம்பல் நிறம், இன்னொன்று நீலம். இரண்டையும் ஓட்டிப் பார்த்து எது வேண்டும் என்று சொல்ல மூன்று பேர் குழு. தலைவர் நரைத்த மீசைக்காரர், அதிகம் பேசமாட்டார். அடுத்தவன் வெண்ணெய். அவன் விமானத்தை இறக்கினால் சக்கரம் தரையைத் தொட்டதே தெரியாது, வெண்ணெயில் வைத்த மாதிரி இருக்கும். அதனால் அந்தப் பெயர். கோபம் வரும்போது அதே பெயரை வேறு அர்த்தத்தில் கூப்பிட்டுக்கொள்ளவும் வசதியாக இருந்தது. மூன்றாவது ஆள் துருவி.

துருவிக்கு இதில் ஒரு சொந்தக் கவலை இருந்தது. அவன் தங்கச்சி அதே தளத்தில் மாணவி. வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பா. சின்ன விசிறி விமானத்தில் பறக்கும் பாடத்தை முடித்துவிட்டு ஜெட்டுக்காகக் காத்திருந்தாள். குழு எதைத் தேர்ந்தெடுக்கிறதோ அதன் முன்சீட்டில் முதலில் உட்காரப் போவது அவள் வகுப்புதான். இது குழுத்தலைவருக்கும் தெரியும். தெரிந்தேதான் அவனைச் சேர்த்தார். ஏன் சேர்த்தார் என்பதிலும் துருவிக்கு ஒரு சந்தேகம் உண்டு.

சாம்பல் விமானம் பார்க்க அழகு. உள்ளே உட்கார்ந்தால் புதுக் கார் வாசனை. அதோடு வந்த கம்பெனிக்காரர் அதைவிட அழகாகப் பேசினார். எல்லாருடைய பிள்ளைகளையும் விசாரித்தார். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நீலத்தோடு வந்தவர்களோ ஹேங்கரைவிட்டு வெளியே தலைகாட்டவில்லை. எண்ணெய்க் கையோடு இரண்டு பேர், கேட்டால் மட்டும் பதில். துருவிக்கு அவர்களைத்தான் பிடித்திருந்தது. சிரிக்கிறவனை அவன் லேசில் நம்பமாட்டான்.

சாம்பலில் முதல் சுற்று. வெண்ணெய் முன்சீட்டில், துருவி பின்சீட்டில். இந்த விமானங்களில் மாணவர் முன்னால், ஆசிரியர் பின்னால். இரண்டு சீட்டிலும் விமானத்தை ஓட்டும் ஸ்டிக் உண்டு, இரண்டும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டவை. முன்னால் இருப்பவர் அசைத்தால் பின்னால் இருப்பதும் அசையும். தள்ளினால் விமானத்தின் மூக்கு இறங்கும், இழுத்தால் ஏறும். மேலே வளைந்து, புரண்டு, கவிழ்ந்து எல்லாம் பார்த்தார்கள். சொகுசு. குறையே இல்லை.

இறங்க வரும்போதுதான் துருவி அதைக் கவனித்தான். ரன்வே எதிரே நேராக விரிந்திருக்கிறது. காற்று இல்லை. விமானம் தண்டவாளத்தில் வருகிற மாதிரி வருகிறது. ஆனால் அவன் முழங்கால்களுக்கு நடுவே இருந்த ஸ்டிக் மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது. முன்னே பின்னே, முன்னே பின்னே, பொடிப்பொடியாக.

"என்னடா, ஸ்டிக்க இப்படி ஆட்டற?"

"யாரு, நானா? நான் சும்மாதான்டா புடிச்சிருக்கேன்."

"இங்க ஆடுதே."

"கண்ணாடி போடற வயசு வந்துடுச்சு உனக்கு."

சக்கரம் தொட்டது தெரியவில்லை. வழக்கம்போல வெண்ணெய்.

இறங்கி நடந்தபோது கம்பெனிக்காரர் ஓடிவந்தார். "எப்படி சார் இருந்துச்சு?"

"கை வைக்கவே வேணாம் போல. அதுவா இறங்குது" என்றான் வெண்ணெய்.

துருவிக்கு மூக்கில் வியர்த்தது. கண்ணெதிரே ஆடிய ஸ்டிக் ஆடவே இல்லை என்கிறான். அதுவும் கம்பெனிக்காரர் காதுபட. இவனுக்கு என்ன வந்தது? அன்று சாயந்திரம் தளத்தின் வாசலில் இன்னொன்றும் பார்த்தான். கம்பெனிக்காரரின் காரில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டிருந்தான் வெண்ணெய். கதவைத் திறந்துவிட்டது கம்பெனிக்காரர்.

மறுநாள் டீக்கடையில் வைத்துப் பிடித்தான்.

"நேத்து யார் கார்ல போன?"

"ஸ்கூட்டர் மெக்கானிக் கடையில இருக்குடா. அவர் ஹோட்டல் என் வீட்டு வழி. ஏத்திக்கிட்டார்."

"வேற யாரும் அந்த வழியா போகலையா?"

வெண்ணெய் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தான். "நேராவே கேளு. காசு வாங்கிட்டேனான்னு கேளு."

"அப்படிக் கேக்கல."

"அதைத்தான் சுத்திச் சுத்திக் கேக்கற. ஒண்ணா படிச்சோம், ஒரே ரூம்ல தூங்கினோம். உன் சந்தேகத்துக்கு எல்லாரும் ஒண்ணுதான், இல்ல?"

அவன் எழுந்து போய்விட்டான். துருவி இரண்டு பேர் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு, நேரே மெக்கானிக் கடைக்குப் போனான். ஸ்கூட்டர் அங்கே இருந்தது. இஞ்சினைக் கழற்றித் தாளில் பரப்பியிருந்தார்கள். அதைப் பார்த்தபிறகும் அவனுக்கு முழுத் திருப்தி வரவில்லை. ஸ்கூட்டர் கெட்டுப்போனது உண்மையாக இருக்கலாம். ஸ்டிக் ஆடியதும் உண்மைதானே.

அடுத்த சுற்றில் இடம் மாறியது. துருவி முன்சீட்டில், வெண்ணெய் பின்னால். பேச்சுவார்த்தை இல்லை, வேலைக்கு வேண்டிய வார்த்தை மட்டும். இறங்க வரும்போது துருவி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தான். விமானம் சொன்னபடி கேட்டது. உண்மையிலேயே கை வைக்க வேண்டியதில்லை போலத்தான் இருந்தது. அப்போது பின்னாலிருந்து குரல்.

"ஏன்டா மாவு பிசையற?"

"என்ன?"

"ஸ்டிக்க. மாவு பிசையற மாதிரி பிசையற."

"நான் அசைக்கவே இல்ல."

"ஓ. அப்ப நான் பொய் சொல்றேன். கம்பெனிக்காரர் சொல்லிக் கொடுத்திருப்பார்."

துருவிக்குச் சுரீர் என்றது. அவன் கை அவனுக்குத் தெரியாதா? பதினெட்டு வயதிலிருந்து விமானம் பிடித்த கை. கடைசி நிமிடத்தில் இறங்காமல் மறுபடி மேலேறினான். "இன்னொரு தடவை வர்றேன்" என்றான்.

இந்த முறை முழங்கையைத் தொடைமேல் அழுத்தி வைத்துக்கொண்டான். கையை வலுவில் சும்மா இருக்கச் செய்தான். அது எளிதாக இல்லை. கிச்சுக்கிச்சு மூட்டினால் விரல் துடிக்குமே, அப்படித் துடித்தது. ரன்வே நெருங்கியபோது மூக்கு கொஞ்சம் மேலே இருந்தது. ஒரே ஒரு தடவை லேசாக முன்னால் தள்ளினான். தள்ளிவிட்டுக் காத்திருந்தான்.

மூக்கு உடனே கேட்கவில்லை. ஒரு கண்சிமிட்டல் தாமதித்து, பிறகுதான் இறங்கியது.

அவ்வளவுதான் விஷயம். ஸ்டிக்குக்கும் வால் இறக்கைக்கும் நடுவே இருந்த கம்ப்யூட்டர் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் சொன்னதைச் செய்தது. உயரத்தில் அது யாருக்கும் தெரியாது. தரை நெருங்கும்போது, சின்னச் சின்னதாகத் திருத்த வேண்டிய நேரத்தில்தான் தெரியும். வருஷக்கணக்காகப் பறந்த கை அந்த இடைவெளியைத் தானாகவே கண்டுகொண்டு, முன்கூட்டியே தட்டித்தட்டி நிரப்பிவிடுகிறது. தலைக்குச் சொல்வதுகூட இல்லை. வெண்ணெய் பொய் சொல்லவில்லை. துருவியும் பொய் சொல்லவில்லை. இரண்டு பேர் கையும் சேர்ந்து அவர்களுக்குக் காது குத்தியிருக்கின்றன.

"பின்னால பார்த்தியா?" என்று கேட்டான் துருவி.

"பார்த்தேன்" என்றான் வெண்ணெய். குரலில் இன்னும் கோபம் இருந்தது.

குழுத்தலைவர் அறையில் எல்லாவற்றையும் சொன்னார்கள். தலைவர் மீசையைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"உங்க ரெண்டு பேருக்கும் இறக்கறதுல கஷ்டம் இருந்துச்சா?"

"இல்ல சார்."

"எனக்கும் இல்ல. அப்புறம் என்ன குறை?"

"நமக்கு இல்ல சார்" என்றான் துருவி. "நம்ம கை பூசி மெழுகிடுது. முதல் தடவை ஜெட்டுல உக்கார்ற பிள்ளை என்ன பண்ணும்? தள்ளும். கேக்கலைன்னு இன்னும் தள்ளும். ரெண்டு தள்ளும் சேர்ந்து வந்து மூக்கு கீழ குத்தும். பயந்து இழுக்கும். அதுவும் லேட்டாத்தான் கேக்கும். அது துரத்த, இது ஓட..."

"இது உன் அனுமானம்."

"ஆமா சார்."

"உன் தங்கச்சி அடுத்த வகுப்பு. நீலத்தோட வந்த ஆளுங்கள உனக்குப் புடிக்கும்னு எல்லாருக்கும் தெரியும். நாளைக்கு ஒருத்தன் கேப்பான், இவன் சொந்தக் கவலையை வெச்சுக் குழப்பிட்டான்னு. நான் என்ன சொல்றது?"

ஊரையே சந்தேகப்பட்டுப் பழகியவன் துருவி. தன்னை ஒருவர் அப்படிப் பார்த்தபோது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"மாணவர் ஒருத்தரை முன்சீட்டுல உக்கார வெச்சுப் பார்க்கலாம் சார்" என்றான் வெண்ணெய். "தரைகிட்ட வேணாம். நல்ல உயரத்துல, அங்கயே ஒரு ரன்வே இருக்கறதா நினைச்சுக்கிட்டு இறங்கச் சொல்லலாம். தப்பு நடந்தா கீழ நிறைய ஆகாசம் இருக்கு."

தலைவர் யோசித்தார். "கெட்டிக்காரப் பிள்ளை வேணாம். மோசமான பிள்ளையும் வேணாம். நட்டநடுவுல இருக்கற ஒருத்தரை அனுப்பச் சொல்றேன். பின்சீட்டுல நீ உக்காரு வெண்ணெய். இவன் கீழ என்கூட இருக்கட்டும். இவன் பின்னால உக்காந்தா, இவனே ஆட்டிட்டான்னு பேச்சு வரும்."

பயிற்சிப் பள்ளியிலிருந்து நட்டநடு ஆள் யார் என்று பதில் வந்தது. பாப்பா.

கேட்டதும் துருவிக்குச் சந்தேகம் வந்தது. தற்செயலா? தலைவர் வேண்டுமென்றே கேட்டு வாங்கினாரா? 'உன் வாயாலேயே வேண்டாம் என்று சொல்லு பார்ப்போம்' என்கிறாரா? வேண்டாம் என்றால் தங்கச்சிக்காகத்தான் இத்தனையும் என்று ஆகிவிடும். அவனும் சரி என்றான்.

பாப்பாவோ வேறு காரணத்துக்காகக் கொதித்துக்கொண்டிருந்தாள். கேண்டீனில் அவனைப் பார்த்ததும் தட்டை ஓசையோடு வைத்தாள்.

"நடுத்தரம்னா என்னைத்தான் தேடிப் புடிச்சாங்களா? வகுப்பே சிரிக்குது. 'வாம்மா நட்டநடு'ங்கறானுங்க."

"அதுல என்ன கேவலம்? பெரும்பாலான ஆளுங்க நடுவுலதான் இருப்பாங்க."

"நீ பேசாத அண்ணா. இதுல உன் வேலை ஏதாவது இருக்கா?"

"சத்தியமா இல்ல."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வை அவனுக்குப் பழக்கமானதுதான். கண்ணாடியில் தினமும் பார்ப்பது. "என்ன பார்க்கப் போறீங்க? நான் என்ன பண்ணணும்?"

"உன்கிட்ட எதுவும் சொல்லக்கூடாது. சொன்னா சோதனை கெட்டுடும்."

"ரொம்ப நல்லது" என்று சாப்பாட்டில் கையை வைத்தாள்.

ரேடியோ அறை சின்னது. ஒரு மேசை, ஒலிபெருக்கி, ஈரத்துணி வாடை. தலைவர் நாற்காலியில், கம்பெனிக்காரர் ஜன்னலோரம், துருவி சுவரோடு சாய்ந்து நின்றான். மேலே மேகத்துக்கும் அப்பால் சாம்பல் விமானம் சக்கரத்தை இறக்கிக்கொண்டு, இல்லாத ரன்வே ஒன்றை நோக்கி வரத் தயாரானது. ரேடியோவை இந்தச் சோதனைக்காக முழுக்கத் திறந்தே வைத்திருந்தார்கள். அவள் மூச்சுகூடக் கேட்டது.

முதல் தடவை ஒன்றும் நடக்கவில்லை. விமானம் வழுக்கிக்கொண்டு வந்தது. "நல்லா இருக்கு சார்" என்றாள் பாப்பா. கம்பெனிக்காரர் புன்னகைத்தார்.

வெண்ணெய் கை கொடுத்துவிட்டானா? அவனுக்கே தெரியாமல் கொடுத்திருக்கலாம். அல்லது தெரிந்தே. துருவிக்குப் பொறுக்கவில்லை. தலைவரிடம் கண்ணால் அனுமதி கேட்டு மைக்கை எடுத்தான்.

"வெண்ணெய், உன் கை எங்க இருக்கு?"

"தொடைக்கு அடியில." வெண்ணெயின் குரல் தட்டையாக இருந்தது. "கை மேலயே உக்காந்திருக்கேன். மரத்துப்போகுது. போதுமா?"

துருவி மைக்கை வைத்தான். தலைவர் எடுத்தார். "அடுத்த தடவை கொஞ்சம் பக்கவாட்டுல இருந்து வரச் சொல்லு. கடைசியில திருத்தட்டும்."

இரண்டாவது தடவை. பக்கத்திலிருந்து வந்தாள். திருப்பினாள். நேராக்கினாள்.

"கொஞ்சம் மேல இருக்கேன்... தள்றேன்... கேக்கல. இல்ல, கேக்குது, ஐயோ ரொம்ப..." மூச்சு வேகமானது. "இழுக்கறேன். இது ஏன்... சார், நான் இழுத்தா கீழ போகுது, தள்ளினா மேல போகுது!"

துருவி சுவரைவிட்டு நகர்ந்துவிட்டான். மைக் எட்டுகிற தூரத்தில் இருந்தது. அவன் காத்திருக்க வேண்டும். மேலே கைமேல் உட்கார்ந்திருப்பவனும் காத்திருக்க வேண்டும். காசு வாங்கினாயா என்று தான் கேட்காமல் கேட்ட அதே ஆளின் பொறுப்பில்தான் இப்போது பாப்பா இருக்கிறாள். வாங்கியிருந்தால் இந்நேரம் கையை எடுத்து உதவியிருப்பான். எல்லாம் சுகமாக முடிந்திருக்கும். அவன் உதவவில்லை என்பதே நல்லவன் என்பதற்குச் சாட்சி. இதைப் புரிந்துகொண்ட அதே நொடியில், 'உதவுடா பாவி' என்று துருவியின் மனசு கத்தியது.

"கண்ட்ரோல் என்கிட்ட" என்றது வெண்ணெயின் குரல்.

ஸ்டிக்கை விடச் சொல்லும் வார்த்தை அது. அவள் விடவில்லை. மூச்சு மட்டும். ஸ்டிக்கை இறுக்கிப் பிடித்திருக்கிறாள்.

"பாப்பா. கண்ட்ரோல் என்கிட்ட."

தளத்தில் யாரும் கூப்பிடாத வீட்டுப் பெயரை அவன் ஏன் எடுத்தான் என்று நினைக்கத் துருவிக்கு நேரமில்லை. "கண்ட்ரோல் உங்ககிட்ட!" என்றாள் அவள். விட்டாள்.

உடனே எல்லாம் அடங்கியது. "நான் இன்னும் தொடவே இல்ல" என்றான் வெண்ணெய் மெதுவாக, ரேடியோ அறைக்கு. "அவ கைய எடுத்ததும் தானாவே நின்னுடுச்சு. நாம நினைச்ச ரன்வேக்கு ரொம்பக் கீழ வந்துட்டோம். நிஜ ரன்வேயா இருந்திருந்தா..."

கம்பெனிக்காரர் தொண்டையைக் கனைத்தார். "இது விமானத்தோட குறை இல்ல சார். மாணவியோட தப்பு. அனுபவம் இருக்கறவங்க யாரும் இப்படிச் செய்யமாட்டாங்க."

"சரிதான்" என்றார் தலைவர். "ஆனா அனுபவம் இருக்கறவங்களுக்கு எதுக்கய்யா பயிற்சி விமானம்?"

துருவி கம்பெனிக்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அதில் ஏமாற்றம் இருந்தது, ஆச்சரியம் இல்லை. முன்பே தெரியுமா? தெரிந்துதான் இத்தனை கதவுகளைத் திறந்துவிட்டாரா? கேட்டாலும் உண்மை வராது. அந்தச் சந்தேகத்தை மட்டும் அவன் கடைசிவரை தீர்த்துக்கொள்ள முடியவில்லை.

பாப்பா விமானத்திலிருந்து இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே நடந்து வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"நான் ஃபெயிலா?"

"இல்ல."

"பொய் சொல்லாத. நட்டநடுன்னு கூப்பிட்டாங்க, இப்ப கடைசின்னு கூப்பிடப் போறாங்க."

"அதே சீட்டுல என் கையும் அப்படித்தான் ஆடிச்சு. எனக்குத் தெரியாம ஆடிச்சு. உனக்குத் தெரிஞ்சு ஆடிச்சு. அவ்வளவுதான் வித்தியாசம்."

"ஆறுதலுக்குச் சொல்ற." அவள் பின்னால் வந்துகொண்டிருந்த வெண்ணெயிடம் திரும்பினாள். "சார், இவன் சொல்றது நிஜமா?"

"மாவு பிசைஞ்சான்" என்றான் வெண்ணெய், மரத்துப்போன கைகளை உதறிக்கொண்டே. "உன்னைவிட மோசம்."

அப்போதுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் கூடவே வந்தது.

அவள் போனபிறகு துருவி வெண்ணெயின் அருகே போய் நின்றான். "மன்னிச்சுக்கடா."

"அவசரப்படாத. ஸ்கூட்டர் நிஜமாவே கெட்டுப்போச்சான்னு பார்த்துட்டு வந்து கேளு."

"பார்த்துட்டேன்."

வெண்ணெய் அவனை ஒரு நிமிடம் வெறித்தான். "போய்ப் பார்த்தியா? அடப்பாவி, போய்ப் பாருன்னு நான் சும்மா சொன்னேன்டா!" பிறகு தலையில் அடித்துக்கொண்டான். சிரித்தானா என்று சொல்ல முடியாது, தோள் குலுங்கியது.

சாம்பல் வேண்டாம் என்று எழுதிவிட்டு நீலத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் துருவி நினைத்திருந்தான். பேனாவை எடுத்தபிறகு கை நின்றது. நீலத்தையும் அதே மூன்று பேர்தானே ஓட்டினோம்? அதே பொய் சொல்லும் கைகளால்தானே? அந்த எண்ணெய்க் கைக்காரர்களைப் பிடித்துப்போனதால் அதை அவன் ஒரு தடவைகூடத் துருவவில்லை.

"சார், நீலத்துலயும் அவளை உக்கார வைக்கணும்" என்றான்.

தலைவர் நிமிர்ந்து பார்த்தார். "இப்ப உனக்கு நீலத்து மேலயும் சந்தேகமா?"

"ஆமா சார்."

"நான் நேத்தே நேரம் குறிச்சுட்டேன். நீயா வந்து கேக்கறியான்னு பார்த்தேன்."

நீலம் மேலே அதே சோதனையில் தேறியது. பிறகு நிஜ ரன்வேக்கு வந்தது. வெண்ணெய் பின்னால், கை தொடைக்கு அடியில். துருவி புல்தரை ஓரத்தில் நின்று பார்த்தான். மூக்கு மேலும் கீழுமாகக் கொஞ்சம் ஆடியது. அவன் பல்லைக் கடித்தான். ஆட்டம் பெரிதாகவில்லை. அவள் தள்ளியது தள்ளியபடி கேட்டது, இழுத்தது இழுத்தபடி கேட்டது. சக்கரம் 'தொம்' என்று தரையில் விழுந்து, ஒருமுறை துள்ளி, ஓடியது.

அவள் இறங்கி வந்து கன்னத்து வியர்வையைத் துடைத்தாள். "இது விமானமா, லாரியா? ஸ்டிக் கல்லு மாதிரி இருக்கு. அந்தச் சாம்பல் எவ்வளவு சொகுசு."

"யார் இறக்கினது?"

"நான்தான்."

"வெண்ணெய் கை வெச்சானா?"

"முன்னால இருக்கற கண்ணாடியில அவரைப் பார்த்துக்கிட்டேதான் வந்தேன். வைக்கல."

"இறக்கறப்போ ரன்வேயைப் பார்க்காம, பின்னால இருக்கறவன் கையைப் பார்த்துக்கிட்டா வந்த?"

"நான் உன் தங்கச்சி அண்ணா" என்றாள்.

துருவி அவள் ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டான். இரண்டு பேரும் ஹேங்கரை நோக்கி நடந்தார்கள். லாரியில் இன்னும் என்னென்ன குறைகள் என்று அவள் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள். அவன் ஒவ்வொன்றுக்கும் "ஏன்?" என்று கேட்டான்.